குமாசியா, அக்ராவா, அம்மாச்சி வீடா? மலேரியா உள்ள ஊருக்குச் சின்னக் குழந்தையோடு மாற்றல்

என் தங்கையின் கணவருக்குக் கானாவுக்கு மாற்றல் வந்திருக்கிறது. கோகோ வாங்கி ஏற்றுமதி செய்யும் கம்பெனி, குமாசியில் அலுவலகம், இரண்டு ஆண்டு ஒப்பந்தம். அவர்களுக்கு 20 மாதத்தில் ஒரு மகள் இருக்கிறாள். எடை 10.4 கிலோ. போன ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் உள்ள அம்மா வீட்டில் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். "பிள்ளைய இங்கேயே விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார் அம்மா. "அங்கயும் எத்தனையோ இந்தியக் குடும்பங்க பிள்ளைங்களோட இருக்காங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. தங்கை ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

ஏன் பார்த்தாள் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 2012ல் நாங்கள் தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள முவான்சாவில் இருந்தோம். மகனுக்கு அப்போது இரண்டரை வயது. இங்கிருந்து கிளம்பும்போது வாரம் ஒருமுறை கொடுக்கும் மலேரியா தடுப்பு மாத்திரை வாங்கிப் போயிருந்தோம். நான்கு மாதம் ஒழுங்காகக் கொடுத்தேன். கசப்பு தாங்காமல் ஒவ்வொரு வாரமும் துப்புவான், வாந்தி எடுப்பான். அக்கம்பக்கத்தில் யாருமே கொடுப்பதில்லை என்று தெரிந்ததும் நானும் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் வந்தது. கடைவாய்ப் பல் முளைக்கிறது என்று நினைத்துப் பாரசிட்டமால் கொடுத்தேன். சனிக்கிழமை விட்டு விட்டுக் காய்ந்தது. நடுவில் எழுந்து விளையாடினான், அதனால் திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டலாம் என்று இருந்துவிட்டேன். ஞாயிறு காலையில் அவனால் எழுந்து உட்கார முடியவில்லை. உள்ளங்கை வெளுத்திருந்தது. மூச்சு வேகவேகமாக வாங்கியது. மருத்துவமனையில் ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தின் சிவப்புச் சத்து, 4.6 என்றார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும், அவன் பிரிவு ரத்தம் கையிருப்பில் இல்லை. கணவரோடு வேலை பார்த்த ஒருவர் ஓடி வந்து கொடுத்தார். அது சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. மகன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான், நன்றாக இருக்கிறான்.

தங்கைக்கு முன்னால் இருக்கும் ஒவ்வொரு வழியையும் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன். இந்த வழியில் போனால், காய்ச்சல் தொடங்கிய நேரத்திலிருந்து ரத்தப் பரிசோதனை, ஊசி, ஏற்றுவதற்கு ரத்தம் ஆகிய மூன்றும் பிள்ளைக்குக் கிடைக்க எத்தனை மணி நேரம் ஆகும்? மாத்திரை எது, கொசுவலை எது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

மணிக்கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? பத்துக் கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே சுமார் 800 மில்லி ரத்தம்தான் ஓடுகிறது, நம் வீட்டு டம்ளரில் நான்கு டம்ளர். ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் காணப்படும் ஃபால்சிபாரம் வகைக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து, ஏறத்தாழ 48 மணி நேரத்தில் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. உடைவது கிருமி புகுந்த அணுக்கள் மட்டும் என்றால் இவ்வளவு வேகமாக ரத்தம் குறையாது. கிருமி தொடாத அணுக்களையும் மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. அதே சமயத்தில் எலும்பு மஜ்ஜை புது அணு உண்டாக்குவதும் மந்தமாகிவிடுகிறது. இப்படிச் செலவு இரண்டு பக்கம், வரவு ஏறக்குறைய இல்லை என்ற நிலையில், ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்தில் 5 கிராமுக்குக் கீழே இறங்கினால் குழந்தைகளில் அதைக் கடுமையான மலேரியா ரத்தசோகை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2023ல் உலகில் 263 மில்லியன் பேருக்கு மலேரியா வந்து சுமார் 597,000 பேர் இறந்தார்கள் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. அந்த இறப்புகளில் 95 விழுக்காடு ஆப்பிரிக்க வட்டாரத்தில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள்.

இதைக் கேட்டதும் அம்மா, "அப்ப அஞ்சு வயசு ஆகட்டும், பெறகு கூட்டிட்டுப் போகட்டும்" என்றார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து மலேரியா வந்து வந்து, ஐந்து வயது வாக்கில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. அந்தச் சக்திக்கு அவர்கள் கொடுக்கும் விலை மிகப் பெரியது. சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைக்கு அது ஐந்து வயதிலும் கிடையாது, பதினைந்திலும் கிடையாது. மாப்பிள்ளைக்கே கிடையாது, அவரும் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். வயது கூடினால் உடம்பில் ரத்தம் கூடும், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. சின்ன வயதில் ராமேஸ்வரத்தில் அவருக்கு முறைக்காய்ச்சல் வந்து, கொய்னா மாத்திரையும் கசாயமும் குடித்துத் தேறியிருக்கிறார். அங்கெல்லாம் அதிகம் காணப்படுவது வைவாக்ஸ் வகை. அது திரும்பத் திரும்ப வந்து ஆளை வாட்டும், சில சமயம் ஆபத்தும் ஆகும், ஆனால் ஃபால்சிபாரம் அளவுக்கு வேகமாக உயிரைப் பறிப்பது அரிது. ராமேஸ்வரத்துக் காய்ச்சலை வைத்துக் குமாசிக் காய்ச்சலைக் கணக்குப் போடக் கூடாது.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

பிள்ளையை அம்மாச்சியிடம் விட்டுப் போவது முதல் வழி. மலேரியாவை மட்டும் பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. 1982லேயே சிங்கப்பூர் மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. 2009ல் உள்ளூரிலேயே சிலருக்குத் தொற்றியபோதும் உடனே கண்டுபிடித்து அடக்கினார்கள். ஆனால் 20 மாதக் குழந்தை இரண்டு ஆண்டு தாயைப் பிரிந்திருப்பதை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. பகலில் பிள்ளை பராமரிப்பு நிலையத்துக்குப் போகலாம், இரவு? தங்கையும் இங்கேயே தங்கி, மாப்பிள்ளை மட்டும் போவதும் உண்டு. அது கணவன் மனைவி பேசி முடிக்க வேண்டியது, நான் அதற்குள் நுழையவில்லை.

மூவரும் குமாசிக்கே குடிபோவது இரண்டாவது வழி. மாப்பிள்ளைக்குப் பிடித்தது இதுதான். இங்கேதான் தடுப்பு மாத்திரைப் பேச்சு வருகிறது. அங்குள்ள கிருமி குளோரோகுயின் என்ற பழைய மாத்திரைக்கு மசிவதில்லை. டாக்சிசைக்ளின் மாத்திரையை எட்டு வயதுக்குக் கீழே தடுப்புக்காகக் கொடுப்பதில்லை. மிஞ்சுவது இரண்டு: தினமும் கொடுக்கும் அட்டோவாகுவோன்-புரோகுவானில், கடையில் மலரோன் என்று கேட்பார்கள். வாரம் ஒருமுறை கொடுக்கும் மெஃப்ளோகுயின்.

வாரம் ஒருமுறை என்பது கேட்க நன்றாக இருக்கும். விலையும் குறைவு. ஆனால் அந்தக் கசப்பைச் சின்னப் பிள்ளையின் தொண்டையில் இறக்குவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஒரு வேளை வாந்தியாகப் போய்விட்டால் ஒரு வாரப் பாதுகாப்பே சந்தேகமாகிவிடும். வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்களுக்கும் மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கும் இதைக் கொடுப்பதில்லை. கெட்ட கனவு, பயம், தலைசுற்றல் வரலாம். பெரியவர்கள் இதைச் சொல்லிவிடுவார்கள். 20 மாதப் பிள்ளை இரவெல்லாம் அழுதால் காரணம் பல்லா, மாத்திரையா என்று யார் கண்டுபிடிப்பது? பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும், திரும்பி வந்தபின் நான்கு வாரம் தொடர வேண்டும்.

மலரோன் ஒரு நாள், இரண்டு நாள் முன்பு தொடங்கினால் போதும், திரும்பிய பிறகு ஏழு நாளில் நிறுத்தலாம். பால் அல்லது கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் நன்றாக உடம்பில் சேரும். கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டும். பொடித்துப் பாலாடையில் கலந்து கொடுக்கலாம். ஒரு சிக்கல் எடை. குழந்தைகளுக்கான மாத்திரை அட்டையில் 11 கிலோவிலிருந்துதான் அளவு எழுதியிருக்கும். அதற்குக் கீழே அரை மாத்திரை, முக்கால் மாத்திரை என்று மருத்துவர் தம் பொறுப்பில் கணக்கிட்டுத் தருவார். தங்கை மகள் இந்தக் கோட்டுக்கு 600 கிராம் கீழே நிற்கிறாள். இன்னொரு சிக்கல், தினமும் என்றால் இரண்டு ஆண்டில் 730 தடவை. வாரம் ஒன்றையே நான்கு மாதத்தில் கைவிட்டவள் நான். ஆனாலும் சின்னப் பிள்ளைக்கு இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் மலரோன்தான் சொல்வேன். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் சரிசெய்யலாம் என்பது ஒரு காரணம். பல் தேய்ப்பது போலத் தினம் ஒரே நேரத்தில் செய்வதைத்தான் வீட்டில் மறக்காமல் செய்ய முடிகிறது என்பது மற்றொன்று. இந்த முடிவைப் பயணிகள் மருந்தகத்தில் பிள்ளையை நேரில் காட்டித்தான் எடுக்க வேண்டும். கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் வேண்டும், அதையும் அங்கேயே முடித்துவிடலாம்.

"மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துடுச்சாமே அக்கா" என்றாள் தங்கை. வந்திருக்கிறது, எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆர்டிஎஸ்எஸ் தடுப்பூசியை 2019லிருந்து கானா, கென்யா, மலாவி மூன்று நாட்டிலும் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்து, 2021ல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆர்21 என்ற இரண்டாவது தடுப்பூசிக்கு 2023ல் உலகிலேயே முதலில் ஒப்புதல் கொடுத்த நாடு கானாதான். ஆனால் இரண்டும் அங்கேயே வாழும் பிள்ளைகளுக்காக, ஐந்து மாத வயதிலிருந்து நான்கு தவணையாகப் போடுபவை. பயணிகளுக்கு என்று பரிந்துரை இல்லை, தொற்றை முழுதாகத் தடுப்பதும் இல்லை. போன பிறகு அங்குள்ள குழந்தை மருத்துவரைக் கேட்டுப் பார்க்கலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மாத்திரை எதுவும் வேண்டாம், காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே விரல் நுனியில் குத்திப் பரிசோதித்து, வாங்கி வைத்திருக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனையை மாப்பிள்ளையின் நண்பர் சொல்லியிருக்கிறார். பெரியவர்களுக்கு, அதுவும் நாள்கணக்கில் மருத்துவமனையே எட்டாத இடத்தில் இருப்பவர்களுக்கு, அது ஒரு கடைசித் துணை. இரண்டு வயதுகூட ஆகாத பிள்ளைக்கு இதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. வாந்தி எடுக்கும் குழந்தைக்கு வாய்வழி மருந்து தங்காது. கடுமையாகிவிட்டால் வேண்டியது ஆர்ட்டெசுனேட் ஊசி. ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் 5,425 பிள்ளைகளிடம் நடந்து 2010ல் வெளிவந்த ஆய்வில், பழைய மருந்தான குயினைன் பெற்றவர்களில் 10.9 விழுக்காட்டினரும் ஆர்ட்டெசுனேட் பெற்றவர்களில் 8.5 விழுக்காட்டினரும் இறந்தார்கள். குமாசியும் அந்த ஆய்வு நடந்த ஊர்களில் ஒன்று, அதனால் அங்கே கடுமையான மலேரியாவைப் பார்த்துத் தேர்ந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: அந்த ஊசி போட்டுப் பிழைத்த சிலருக்கு ஒரு வாரம் முதல் நான்கு வாரத்துக்குள் மறுபடி சிவப்பணுக்கள் உடையும். வீட்டுக்கு வந்த பிறகும் வாரா வாரம் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்.

அப்படியானால் குமாசியே போதுமே என்று தோன்றும். நகரத்துக்குள் வீடு என்றால் எனக்கும் பெரிய மறுப்பில்லை. விசாரித்ததில், முதல் எட்டு மாதம் கம்பெனி வீடு நகரத்தில் இல்லை, கோகோத் தோட்டங்கள் பக்கம், நகருக்கு இரண்டு மணி நேரம். மழை பெய்தால் இன்னும் கூட. இரவு 11 மணிக்குப் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் காரெடுத்து அந்தச் சாலையில் யார் ஓட்டுவது? என் முவான்சா அனுபவத்தில் வீட்டிலிருந்து மருத்துவமனை இருபது நிமிடம்தான். அதற்கே அப்படி.

அதனால்தான் மூன்றாவதாக ஒரு வழியை நான் சொன்னேன்: தங்கையும் பிள்ளையும் தலைநகர் அக்ராவில் தங்குவது, மாப்பிள்ளை வார இறுதியில் வந்து போவது. நடுவில் சுமார் 250 கிலோமீட்டர், உள்ளூர் விமானமும் உண்டு. அக்ராவில் மலேரியா மற்ற பகுதிகளைவிடக் குறைவு, பெரிய மருத்துவமனைகளும் ரத்த வங்கியும் பக்கத்தில். குறைவு என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னைப் பக்கம் மேல்நிலைத் தொட்டிகளில் வளரும், மலேரியா பரப்பும் ஸ்டெஃபென்சி கொசு 2012ல் ஜிபூட்டியில் தென்பட்டு, எத்தியோப்பியா, கென்யா, நைஜீரியா என்று பரவி, கானாவிலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது நகரத்திலும் வாழப் பழகிய கொசு. மாத்திரையும் வலையும் அக்ராவிலும் வேண்டும். இங்கே டெங்கிக்குப் பயந்து பகலில் மருந்து தடவிப் பழகிய நமக்கு ஒரு மாற்றம்: மலேரியாக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்தது முதல் விடியும் வரை. மருந்து தோய்த்த வலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுத்தான் பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டும்.

தங்கை சிங்கப்பூரில் இருந்துகொண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை மூன்று மூன்று வாரம் போய் வருவது நான்காவது வழி. மாத்திரைக்கு இதுதான் வசதி: ஒவ்வொரு முறையும் சுமார் முப்பது நாளில் முடிந்துவிடும், கைவிடத் தோன்றாது. ஆபத்து திரும்பி வந்தபின் இருக்கிறது. ஃபால்சிபாரம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், சில சமயம் மூன்று மாதத்துக்குள் வெளிப்படும். இங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பலதுறை மருந்தகத்துக்குப் போனால் டெங்கியையும் சாதாரணக் கிருமியையும்தான் முதலில் நினைப்பார்கள். நினைப்பது இயல்பு. உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக, "ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது, மலேரியா பரிசோதனை செய்யுங்கள்" என்று சொல்ல வேண்டும். முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால், 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும்.

எந்த வழியானாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. என் மகன் ஒரு நாளைக்கு நான்கு புட்டிப் பால் குடிப்பான், சோறு தொடமாட்டான். மலேரியா வருவதற்கு முன்பே அவன் ரத்தம் குறைந்திருக்க வேண்டும் என்றார் முவான்சா மருத்துவர். 11 இருந்து குறையத் தொடங்குவதும் 9 இருந்து குறையத் தொடங்குவதும் ஒன்றல்ல. அதனால் தங்கை மகளுக்கு இங்கேயே பரிசோதனை செய்தோம்: 9.7. இரும்புச்சத்துக் குறைவு.

"அங்க போய் டானிக் குடுத்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. இதைத்தான் நான் கடுமையாக மறுத்தேன். சான்சிபாரின் பெம்பா தீவில் சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2006ல் வெளிவந்தது. கொடுத்த பிள்ளைகளில் மருத்துவமனை சேர்க்கையும் இறப்பும் சேர்த்து 12 விழுக்காடு கூடியதால் ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள். மலேரியா தடுப்பும் உடனடிச் சிகிச்சையும் உறுதியாக இருக்கும் இடத்தில்தான் இரும்பு கொடுக்கலாம் என்கிறார்கள் இப்போது. கிருமியே இல்லாத சிங்கப்பூரில், மருத்துவர் சொல்லும் அளவில், மூன்று மாதம் கொடுத்துச் சரிசெய்துவிட்டுப் போக நமக்கு வாய்ப்பு இருக்கிறது. அங்குள்ள தாய்மார்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை, அதை நினைத்தால் வயிறு எரிகிறது. பாலை இரண்டு வேளையாகக் குறைத்து, ஈரலும் முட்டையும் கீரையும் கொடுக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார்.

தங்கைக்கு நான் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தது சிறியது. தினம் சாயங்காலம் பிள்ளையின் உள்ளங்கையைத் தன் உள்ளங்கை பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நம் நிறப் பிள்ளைகளின் முகத்தில் வெளுப்பு தெரியாது, உள்ளங்கையிலும் கீழ் இமைக்கு உள்ளேயும் நாக்கிலும்தான் தெரியும். எந்தக் காய்ச்சலானாலும் அன்றே பரிசோதனை. பால் குடிக்க மறுத்தால், ஓயாமல் வாந்தி எடுத்தால், உட்கார முடியாமல் துவண்டால், மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், சிறுநீர் கறுத்தால் நேராக மருத்துவமனை. போய் இறங்கிய முதல் வாரத்திலேயே அந்த மருத்துவமனைக்கு ஒருமுறை சும்மா போய், இரவில் ரத்தம் பார்ப்பார்களா, ஆர்ட்டெசுனேட் இருக்கிறதா, பிள்ளையின் பிரிவு ரத்தம் கிடைக்குமா என்று மூன்று கேள்வி கேட்டு வருவது.

நேற்று இரவு தங்கை கூப்பிட்டாள். மாப்பிள்ளை அடுத்த மாதம் தனியாகப் போகிறார். தோட்டத்து வீடு வேண்டாம், அக்ராவில் வாடகைக்குப் பார்க்கிறேன் என்று கம்பெனிக்கு எழுதிவிட்டாராம். பிள்ளையின் ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டி, எடையும் 11 கிலோ ஆன பிறகு தாயும் மகளும் கிளம்புவார்கள். அதுவரை இருவரும் ஈசூனில் அம்மா வீட்டில்தான். இன்று காலை பிள்ளை ஒரு முழு முட்டை சாப்பிட்டாள் என்று அம்மா படம் அனுப்பியிருக்கிறார்.